“கனடா அனுபவம் இருக்கா?” என்று கேட்கும் முன்: சிறு முதலாளிகளுக்குக் கேள்வி பதில்

டொராண்டோவை ஒட்டிய ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துச் சின்னத் தொழில்களுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. வெளிநாட்டுப் படிப்போடு வருகிறவர்களை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். பதில்கள் ஒன்ராறியோவுக்கு மட்டும்தான். மற்ற மாகாணங்களில் விதிகள் வேறு.

கேள்வி: அக்கா, எனக்கு ஒரு புக் கீப்பர் தேவை. கோயம்புத்தூரில் ஆறு வருடம் வேலை செய்த ஒரு பெண் விண்ணப்பித்திருக்கிறார். பி.காம், டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரியும். இங்கே அனுபவம் இல்லை. நம்பி எடுக்கலாமா? (மார்க்கம்)

முதலில் பார்க்க வேண்டியது, அந்த வேலைக்கு லைசென்ஸ் தேவையா என்பது. புக் கீப்பருக்குத் தேவையில்லை. சி.பி.ஏ. (பட்டயக் கணக்காளர்) என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளத்தான் அனுமதி வேண்டும். ஆகவே இது முழுக்க உங்கள் முடிவு.

இந்தியாவில் ஜி.எஸ்.டி. பார்த்தவருக்கு இங்கத்தைய விற்பனை வரியான எச்.எஸ்.டி. புதிதாக இருக்காது. வாங்கியதில் கட்டிய வரியை விற்றதில் வசூலித்த வரியில் கழிக்கும் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். டாலியில் ஓடிய கைக்கு இங்கத்தைய கணக்கு மென்பொருள் குவிக்புக்ஸ் பழகவும் அதிக நாள் ஆகாது. சம்பளத்தில் பிடிக்கும் சி.பி.பி. (ஓய்வூதியம்), ஈ.ஐ. (வேலையின்மைக் காப்பீடு), ஆண்டுச் சம்பளச் சீட்டான டி4 இவைதான் அவருக்குப் புதிது. அதை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். போன மாதத்து பேங்க் ஸ்டேட்மென்டில் பெயர்களையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு, பில்களோடு கொடுங்கள். வேண்டுமென்றே ஒரு பில்லை எடுத்து ஒளித்து வையுங்கள். இன்னொன்றை இரண்டு முறை வையுங்கள். தொகையை எப்படியோ சரிக்கட்டிக் கொடுப்பவர் ஒரு ரகம். “இந்த 412 டாலருக்கு பில் இல்லையே” என்று வந்து கேட்பவர் இன்னொரு ரகம். உங்களுக்குத் தேவை இரண்டாமவர். அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுத்துவிடுங்கள். “ட்ரையல்” என்ற பெயரில் ஒரு வாரம் இலவசமாக வேலை வாங்குவது நம் ஆட்களிடம் நிறைய நடக்கிறது. அது சட்டப்படியும் தப்பு, மனச்சாட்சிப்படியும் தப்பு.

கேள்வி: இ.சி.ஏ. என்ற வெளிநாட்டுப் படிப்பு மதிப்பீட்டு அறிக்கை கொண்டு வருகிறார்கள். அதைப் பார்த்தால் போதாதா?

அந்த அறிக்கை, அவருடைய பட்டம் கனடாவில் எந்தப் படிப்புக்குச் சமம் என்று மட்டும் சொல்லும். பெரும்பாலும் குடியேற்ற விண்ணப்பத்துக்காக எடுத்தது. ஆள் கெட்டிக்காரரா என்று அதில் இருக்காது. அறிக்கை இல்லாதவரை அதற்காகத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். பட்டம் உண்மையிலேயே முக்கியமான வேலை என்றால், டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனத்திடமிருந்து நேராக உங்களுக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கராஜில் எட்டுப் பேர்தான். விளம்பரத்தில் “கனடா அனுபவம் கட்டாயம்” என்று போடக்கூடாது என்கிறார்களே? அதோடு, யாழ்ப்பாணத்தில் சொந்தமாக கராஜ் நடத்தியவர் ஒருவர் வந்து கேட்கிறார். (ஸ்காபரோ)

2026 ஜனவரி 1 முதல், 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்கள் பொது விளம்பரத்தில் அப்படிக் கேட்கக்கூடாது என்பது விதி. உங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் சந்தோஷப்பட வேண்டாம். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையம் 2013-லேயே இந்த நிபந்தனையை மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடு என்று தன் கொள்கையில் சொல்லிவிட்டது. மனித உரிமைச் சட்டத்துக்கு எட்டுப் பேர், எண்பது பேர் என்ற கணக்கு கிடையாது.

என்னைக் கேட்டால், “கனடா அனுபவம்” என்று எழுதுகிறவர்களுக்கு மனதில் வேறு ஏதோ இருக்கிறது. குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு தின்ற வண்டியின் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றத் தெரியுமா? வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் எஸ்டிமேட் சொல்ல முடியுமா? அதையே எழுதிவிட்டுப் போங்களேன்.

கராஜ்காரர் விஷயம் வேறு. ஆட்டோ சர்வீஸ் டெக்னீஷியன் இங்கே லைசென்ஸ் கட்டாயமான தொழில். எவ்வளவு திறமை இருந்தாலும் அது இல்லாமல் மெக்கானிக்காகப் போட முடியாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, பதிவு செய்த அப்ரென்டிஸாக (தொழில் பயிலுநராக) எடுப்பது. மற்றது, தொழில் லைசென்ஸ் கொடுக்கும் ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ அமைப்பிடம் அவருடைய பழைய அனுபவத்தைக் காட்டி, அவர்கள் ஏற்றுக்கொண்டால் நேரடியாகச் சோதனை எழுதுவது. சொந்தக் கடை என்பதால் வேலைக் கடிதம் தர முதலாளி இல்லை. வணிகப் பதிவு, வரிக் கணக்கு, உதிரிப்பாக பில் என்று இருப்பதையெல்லாம் ஊரிலிருந்து இப்போதே எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பேக்கரிக்கு ஒருவர் இலங்கை என்.வி.க்யூ. (தேசிய தொழில் தகைமை) நிலை 4 சான்றிதழ் காட்டினார். அது என்ன பெறுமதி? (ஏஜாக்ஸ்)

நல்ல சான்றிதழ். இலங்கையில் 1 முதல் 4 வரை தொழில் சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்ட நிலை. பள்ளிக்கூடத்தில் படிக்காமல் வேலையிலேயே பழகியவரையும் சோதித்துக் கொடுப்பார்கள். பேக்கருக்கு இங்கே லைசென்ஸ் இல்லை. உணவைக் கையாளும் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒருவராவது கடை நடக்கும் நேரமெல்லாம் உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாலு பணிஸ் (மீன் வைத்த பன்) போடச் சொல்லிப் பாருங்கள். முதல் தட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். கனடா மாவில் புரதம் கூட, தண்ணீரை அதிகம் இழுக்கும். ஊர் அளவில் பிசைந்தால் இறுகித்தான் வரும். இரண்டாவது தட்டில் தண்ணீரைத் தானாகவே கூட்டுகிறாரா என்று கவனியுங்கள்.

கேள்வி: பொறியியலாளர் ஒருவர் எங்கள் வெயார்ஹவுஸ் வேலைக்குக் கேட்கிறார். போய்விடுவாரே?

போகலாம். படிக்காதவரும் போகிறார். எவ்வளவு காலம் இருக்க நினைக்கிறீர்கள் என்று நேராகவே கேளுங்கள். இருக்கும்வரை ஸ்டாக் கணக்கை எக்ஸெலில் ஒழுங்காக்கிக் கொடுத்தால் லாபம் உங்களுக்குத்தானே.

கேள்வி: எந்த நாடு, என்ன விசா என்று கேட்கலாமா?

வேண்டாம். “கனடாவில் வேலை செய்ய அனுமதி உண்டா?” என்று மட்டும் கேளுங்கள். எடுத்த பிறகு அவருடைய சின் நம்பர் (சமூகக் காப்பீட்டு எண்) 9-இல் தொடங்கினால் அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: ஊரில் இருக்கும் பழைய முதலாளியிடம் விசாரிப்பது எப்படி? எல்லோரும் “நல்ல பிள்ளை” என்றுதான் சொல்கிறார்கள்.

விண்ணப்பதாரரின் சம்மதத்தோடு, இங்கே காலை 7 மணிக்கு எடுங்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் அப்போது மாலை நேரம். அவர் கொடுத்த கைபேசி எண்ணை மட்டும் நம்பாமல், நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடி எடுங்கள். “எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் நல்ல பிள்ளை என்றுதான் பதில் வரும். “அவர் போன பிறகு அந்த வேலையை யார் பார்க்கிறார்? எது தடுமாறியது?” என்று கேளுங்கள்.