டேட்டா கார்டில் விளக்கு எரிகிறது, இணையம் ஏன் வரவில்லை?

கேள்வி: கல்லூரியில் படித்த காலத்தில் என் மகன் பயன்படுத்திய டாடா ஃபோட்டான் பிளஸ் டேட்டா கார்டு, வீட்டைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. கணினியில் செருகினால் விளக்கு எரிகிறது. ஆனால் ‘நெட்வொர்க் இல்லை’ என்றே காட்டுகிறது. இதற்கு எங்கே ரீசார்ஜ் செய்வது? ஜியோ சிம் போட்டால் வேலை செய்யுமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இரண்டுக்குமே வழியில்லை. விளக்கு எரிவதற்குக் கணினியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து வரும் மின்சாரம் போதும். கார்டு பழுதாகவில்லை, அது தேடும் டவர்கள்தான் இல்லை. உங்கள் கார்டு, ஜி.எஸ்.எம். முறைக்குப் போட்டியாக இருந்த சி.டி.எம்.ஏ. என்ற பழைய செல்பேசி முறையில், அதிலும் வேகமான இணையத்துக்கான இ.வி.டி.ஓ. என்ற தரத்தில் இயங்கியது. டாடா டெலிசர்வீசஸ் தன் தனிநபர் செல்பேசித் தொழிலை ஏர்டெல்லுக்குத் தருவதாக 2017 அக்டோபரில் அறிவித்தது. அந்த இணைப்பு 2019 ஜூலை 1 அன்று நிறைவுற்றது. ஏர்டெல்லிடம் சி.டி.எம்.ஏ. வலையமைப்பு கிடையாது என்பதால் ரீசார்ஜ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜியோ சிம் விஷயத்தைச் சற்று விளக்க வேண்டும். சி.டி.எம்.ஏ. கார்டுகள் சிலவற்றில் சிம் போன்ற அட்டையைச் செருகும் இடம் உண்டு. வேறு சிலவற்றில் எண்ணையே கருவிக்குள் பதித்துக் கொடுத்தார்கள். அட்டை செருகும் இடம் இருந்தாலும் அது ஆர்.யு.ஐ.எம். என்ற சி.டி.எம்.ஏ. அட்டைக்கானது. ஜியோ சிம் அதில் பொருந்தக்கூடும், ஆனால் உள்ளே இருக்கும் சில்லுக்கு 4ஜி தெரியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் சி.டி.எம்.ஏ. ஓடிய 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இன்றும் காலியாக இல்லை, அதில் இப்போது 4ஜி ஓடுகிறது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் தன் சி.டி.எம்.ஏ.வுக்கு வைத்திருந்த அலைக்கற்றையைப் பகிரவும் விற்கவும் 2016 ஜனவரியில் ஜியோவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. இன்று 850 பேண்டு என்று சொல்லப்படுவது அந்த அலைவரிசையேதான். சி.டி.எம்.ஏ.வுக்கு 1.25 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு தடம் போதும். 4ஜியை உருப்படியாக நடத்த 5 மெகாஹெர்ட்ஸாவது வேண்டும். கையில் இருந்த மொத்த அலைக்கற்றையே ஏறக்குறைய அவ்வளவுதான் என்ற நிலையில், பழையதைக் காலி செய்யாமல் புதியதை நிறுவ முடியாது. மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்து அதே தடத்தில் அகலப்பாதை போட்ட பிறகு, பழைய பெட்டிகள் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அந்தப் பாதையில் ஓடா.

கேள்வி: 2010 வாக்கில் என் நண்பர்களின் ஜி.எஸ்.எம். செல்பேசிகளில் இணையம் நகரவே நகராது, என் எம்.டி.எஸ். எம்பிளேஸ் கார்டில் வீடியோவே பார்த்தேன். அவ்வளவு நன்றாக இருந்த சேவை ஏன் அழிந்தது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் நினைவு சரியானதே. தனியார் நிறுவனங்களின் 3ஜி சேவை 2010 இறுதியில்தான் தொடங்கியது. அதுவரை அவர்களின் ஜி.எஸ்.எம். வாடிக்கையாளருக்குக் கிடைத்த எட்ஜ் என்ற 2ஜி இணைய இணைப்பு, ஏட்டளவில்கூட விநாடிக்குச் சுமார் 240 கிலோபிட்டைத் தாண்டவில்லை. உங்கள் எம்பிளேஸ் கார்டு இயங்கிய இ.வி.டி.ஓ.வின் ஏட்டு வேகமோ 3.1 மெகாபிட். ஊருக்கு வெளியே போனால் அது 153 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விடுதி அறைகளில் யு.எஸ்.பி. நீட்டிப்பு வயரின் நுனியில் கார்டைச் செருகி, சிக்னலுக்காக ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, #777 என்ற எண்ணை மென்பொருள் டயல் செய்து முடிக்கும்வரை காத்திருந்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தத் தொழில்நுட்பத்துக்கு அடுத்த தலைமுறை கிடையாது என்பது, நீங்கள் கார்டு வாங்குவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. சி.டி.எம்.ஏ.வை வளர்த்த குவால்காம் நிறுவனம், அதன் 4ஜி வாரிசாக உருவாக்கி வந்த யு.எம்.பி. என்ற தரத்தை 2008 நவம்பரில் கைவிட்டு, இன்றைய 4ஜியின் அடிப்படையான எல்.டி.இ. தரத்தின் பக்கம் நின்றது. எம்பிளேஸ் இந்தியாவில் அறிமுகமானது அதற்கு ஓராண்டு கழித்து, 2009 நவம்பரில். கடையில் கார்டு வாங்கியவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைய தேவைக்கு வேறு நல்ல வழி இருந்ததா என்பது சந்தேகமே.

எம்.டி.எஸ். பெயரில் சேவை தந்த சிஸ்டெமா ஷியாம் நிறுவனத்துக்கு இன்னொரு அடியும் விழுந்தது. 2ஜி அலைக்கற்றை வழக்கில் 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தபோது, அவற்றில் 21 அந்த நிறுவனத்துடையவை. பின்னர் ஏலத்தில் சில தொலைத்தொடர்பு வட்டங்களை (சேவைப் பகுதிகளை) மட்டும் மீட்டு நடத்திய அந்நிறுவனம், 2017 அக்டோபர் இறுதியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணைந்தது. சில வாரங்களிலேயே ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் தன் செல்பேசிச் சேவைகளை நிறுத்தத் தொடங்கியது.

வழக்கும் இணைப்பும் நடந்திராவிட்டாலும் முடிவு மாறியிருக்காது என்பது நம் கருத்து. செல்பேசியையே ஹாட்ஸ்பாட்டாக மாற்றும் வசதி ஆண்ட்ராய்டில் 2010-லேயே வந்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைச் சரித்த பிறகு, கணினிக்கென்று தனிக் கார்டும் தனி ரீசார்ஜும் யாருக்குத் தேவைப்பட்டன? வசதியான நாடுகளிலும் சி.டி.எம்.ஏ. நெடுநாள் நீடிக்கவில்லை. ஜப்பானின் கே.டி.டி.ஐ. 2022 மார்ச் இறுதியிலும், அமெரிக்காவின் வெரைசான் அந்த ஆண்டின் கடைசி நாளிலும் சி.டி.எம்.ஏ.வை மூடின.

கேள்வி: பழைய பொருள் விற்பவர் ஒருவர், ‘அன்லாக் செய்தது, எந்த சிம்மும் போடலாம்’ என்று சொல்லி ஒரு டேட்டா கார்டை மலிவாகத் தருகிறார். வாங்கலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: முதலில் கார்டின் மீதுள்ள மாடல் எண்ணைப் பாருங்கள். ஹுவாவே கார்டில் இ.சி. என்றோ, இசட்.டி.இ. கார்டில் ஏ.சி. என்றோ எண் தொடங்கினால் அது சி.டி.எம்.ஏ.; எத்தனை முறை அன்லாக் செய்தாலும் பயனில்லை. ஹுவாவேயில் இ என்ற எழுத்தை அடுத்து நேராக எண் வந்தாலோ, இசட்.டி.இ.யில் எம்.எஃப். என்று தொடங்கினாலோ அது ஜி.எஸ்.எம். வகை. அவற்றிலும் பல 3ஜியோடு நின்றுவிடுபவை. ஏர்டெல் தன் 3ஜி சேவையை நிறுத்திவிட்டது. ஜியோவில் 3ஜி இருந்ததே இல்லை. எனவே 4ஜி அல்லது எல்.டி.இ. என்று தெளிவாக அச்சிட்டிருந்தால் ஒழிய வாங்க வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் கார்டைக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. கொடுப்பதற்கு முன் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். பல மாடல்களில் மைக்ரோ எஸ்.டி. மெமரி கார்டு செருகும் இடம் உண்டு, அதில் பழைய புகைப்படங்கள் அப்படியே இருக்கக்கூடும்.