இடுப்பு எலும்பு முறிவு ஆபரேஷன்: வயதானவர்களுக்கு முழு மயக்கத்தைவிட முதுகில் போடும் ஊசிதான் பாதுகாப்பா?

அப்படித்தான் ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள், முழு மயக்கம் கொடுத்தால் புத்தி குழம்பிவிடும் என்று, ஆனால் முறையாகச் சோதித்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2021-இல் வெளியான ரீகெய்ன் ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 50 வயதைத் தொட்ட, தாண்டிய 1,600 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு முதுகு ஊசியும் மறு பக்கத்துக்கு முழு மயக்கமும் கொடுத்தார்கள். 60 நாளில் இறந்தவர்கள், கைத்தடியோ வாக்கரோ இருந்தும் நடக்க முடியாதவர்கள் எல்லோரையும் சேர்த்தால் இரண்டு பக்கமும் சுமார் 18 சதவீதம். குழப்பமும் ஏறக்குறைய சமம், ஐந்தில் ஒருவருக்கு. சீனாவில் நடந்த ராகா ஆய்விலும் குழப்பத்தில் வித்தியாசமில்லை.

சரி, எதை வைத்து முடிவெடுப்பது? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், இதய வால்வு சுருங்கியவர் என்றால் முதுகு ஊசி ஒத்துவராமல் போகலாம், மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், கண்விழித்ததும் மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், குழப்பத்தைக் குறைக்க அது உண்மையிலேயே உதவும்.