மடவை பாதியாகத் திரும்பி வந்தால் அது கொடுவா இல்லை

எண்ணூர் முகத்துவாரத்தில் உயிர் மடவை மீனைத் தூண்டிலில் இரையாகக் கோர்த்துப் போட்டால் தலை மட்டும் முள்ளில் திரும்பி வருகிறது, கொடுவா மீன் ஏன் முழுசாக விழுங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அது கொடுவாவே இல்லை. பெரும்பாலும் சீலா மீன் (பாரகுடா).

கொடுவாவுக்கு வெட்டும் பல் கிடையாது. இருப்பது அரம் மாதிரி சொரசொரவென்ற பொடிப்பல். வாயைப் படக்கென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிவிடும். வாய்க்குள் நுழையும் அளவுதான் அதற்கு இரை. (பொரிப்பகத்தில் கொடுவாக் குஞ்சுகளை அளவு பார்த்துப் பிரிக்காவிட்டால் பெரியது சின்னதை அப்படியே விழுங்கும். சொந்தபந்தம் எல்லாம் பார்க்காது.) சீலாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. கத்திப் பல்லால் இரண்டாக வெட்டித் துண்டு துண்டாகத் தின்னும்.

அடுத்த முறை வெட்டுப்பட்ட இடத்தைப் பாருங்கள். பிளேடால் அறுத்ததுபோல் நேராக இருந்தால் சீலா. வெட்டே இல்லாமல் செதில் உரிந்து நசுங்கியிருந்தால் கொடுவா கவ்வித் துப்பியிருக்கலாம். அப்போது ஒரு சாண் மடவையை விட்டுவிட்டு விரல் நீளத்துக்கு இறங்குங்கள்.

சீலாவே போதும் என்றால், வால் பக்கம் இரண்டாவது முள், தங்கூசி (தூண்டில் நரம்பு) நுனியில் ஒரு சாண் கம்பி. அவ்வளவுதான்.

ஆனால் ஓரத்தில் சின்னச் சின்னப் பிறையாகக் கொறித்திருந்தால் அது பேத்தை, உடம்பை ஊதிக்கொள்ளும் மீன். இடத்தை மாற்றுங்கள். அப்புறம், மாட்டினாலும் குழம்புக்கு எடுத்துப் போய்விடாதீர்கள், நஞ்சு.