அம்மாவழி மாமாவுக்கு மயக்க மருந்தில் ஆபத்து வந்தது, எனக்கும் வருமா?

கேள்வி: வயது 34. கண் இமை துடிக்கிறது, இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. நானாகவே ஆறு மாதமாகக் கால்சியம் மாத்திரை போடுகிறேன். தசைக்குள் கால்சியம் அதிகம் புகுந்தால் தசையே அழிந்துவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷன். என் மாமாவுக்கு ஒரு ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுத்ததும் உடம்பு விறைத்து, அனலாய்க் கொதித்து, ஐசியூவில் வைத்துத்தான் பிழைக்க வைத்தார்கள்.

பதில்: கடைசியாக எழுதியதை முதலில் எழுதியிருக்க வேண்டும். இமை துடிப்பதை விடுங்கள். நன்றாகத் தூங்கினால் போய்விடும். மாத்திரையையும் நிறுத்துங்கள். ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் ஆறு மாதம் விழுங்கினால் மலச்சிக்கல் வரும், சிறுநீரகக் கல்லும் வரலாம்.

விழுங்கும் கால்சியம் நேரே தசைக்குள் போய்க் கொட்டுவதில்லை. உயிரணுவுக்கு வெளியே இருக்கும் கால்சியம், ஓய்வில் உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு. சவ்வின் காவல் அவ்வளவு கெடுபிடி. கைகால் தசை சுருங்கத் தேவையான கால்சியம் அதற்குள்ளேயே ஒரு கிடங்கில் இருக்கிறது. நரம்பின் மின் சைகை வந்ததும் கிடங்கின் கதவு, அதாவது ரயனோடின் ஏற்பி, திறக்கும், தசை சுருங்கும், உடனே பம்புகள் கால்சியத்தைத் திரும்பக் கிடங்குக்குள்ளே இறைத்துவிடும். கிடங்கு வற்றினால் ஸ்டிம்1 என்ற புரதம் அதை உணர்ந்து, வெளிச்சவ்வில் உள்ள ஓராய்1 வாசலைத் திறக்கச் செய்து நிரப்பிக்கொள்ளும்.

மாமாவுக்கு அந்தக் கிடங்குக் கதவில் பிறவிக் கோளாறு இருந்திருக்கலாம். சிலவகை மயக்க வாயுக்களோ, தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சமெத்தோனியம் என்ற மருந்தோ பட்டால் அந்தக் கதவு மூடாமல் கால்சியம் கொட்டிக்கொண்டே இருக்கும். தசை விறைக்கும், உடல் கொதிக்கும். மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்போம். இது பரம்பரையாக வருவது. மாமாவுக்கு அவர் பெற்றோரிடமிருந்து வந்ததென்றால், உங்கள் அம்மாவுக்கு இருக்கப் பாதி வாய்ப்பு, உங்களுக்குக் கால்வாசி. 'முன்பு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லையே' என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது.

ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மாமாவின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, மயக்க மருந்து நிபுணரை இந்த வாரமே பாருங்கள். ஆபரேஷன் அன்று காலை, தியேட்டர் வாசலில் வைத்துச் சொல்லும் சங்கதி இல்லை இது. முன்பே தெரிந்தால் அந்த வாயுக்களைத் தவிர்த்து, முதுகில் ஊசி போட்டோ ப்ரோப்போஃபால் என்ற ஊசி மயக்க மருந்து கொடுத்தோ பத்திரமாக முடிப்பார். ஒருவேளை இந்த ஆபத்து வந்தால் அதை முறிக்கும் டான்ட்ரோலீன் என்ற மருந்து கைவசம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வார்.

அப்புறம், அம்மாவுக்கு எப்போதாவது ஆபரேஷன் என்றால், பல் பிடுங்க மயக்கம் கொடுப்பதானாலும், அங்கேயும் இதே தாளைக் காட்டச் சொல்லுங்கள்.