ஸ்லோமோஷனில் உதடு பொருந்த: கேள்வி பதில்

பாட்டுப் படப்பிடிப்புகளில் பிளேபேக் ஓட்டுவது, அதாவது நடிகர் வாயசைக்கப் பாட்டை ஒலிக்கவிடுவது, என் வேலை. ஸ்லோமோஷனுக்கான ஹை ஸ்பீடு ஷாட்டில் லிப் சிங்க் (உதட்டசைவு பாட்டோடு பொருந்துவது) எடுப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஆல்பம் பாட்டு எடுப்பவர்கள், கல்யாண வீடியோக்காரர்கள், சினிமா மாணவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். முடிந்தவரை எல்லோருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

திருச்சி, ஆல்பம் பாட்டு: அண்ணா, நொடிக்கு 48 ஃபிரேமில் எடுத்தோம். ஸ்பாட்டில் பாட்டைச் சாதாரண வேகத்தில்தான் ஓட விட்டோம். எடிட்டில் ஹீரோ வாயசைப்பு பாட்டுக்குப் பின்னாலேயே இழுக்கிறது. காப்பாற்ற வழி உண்டா?

தம்பி, கேமரா ஒரு நொடியில் எடுத்த 48 படங்கள் எடிட்டில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் ஓட இரண்டு நொடி ஆகும். அப்போது உங்கள் ஹீரோ பாதி வேகத்தில்தான் பாடுவார். அவர் திரையில் சரியாகப் பாட வேண்டுமென்றால் ஸ்பாட்டில் பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியிருக்க வேண்டும். கேமரா ஃபிரேமை டைம்லைன் ஃபிரேமால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 24 ஃபிரேம் டைம்லைனுக்கு 30 ஃபிரேம் என்றால் 1.25 மடங்கு, 36 என்றால் 1.5, 48 என்றால் 2, 60 என்றால் 2.5.

எடுத்த ஷாட்கள் வீண் இல்லை. ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமாக எடுத்துக்கொண்டால், அதாவது க்ளிப்பை இரண்டு மடங்கு வேகமாக்கினால், சாதாரண வேக ஷாட்டாகி உதடு பொருந்திவிடும். ஸ்லோமோஷன்தான் போய்விடும். அதை வாயசைப்பு இல்லாத ஷாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை, சவுண்ட் படிக்கும் மாணவி: பாட்டை வேகமாக்கும்போது குரல் கீச்சென்று ஆகவிடலாமா, சுருதி மாறாமல் டெம்போவை மட்டும் ஏற்றலாமா?

நான் டெம்போவை மட்டும் ஏற்றுவேன். இரண்டு மடங்கில் சுருதியும் ஏறினால் குரல் ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். சோகப் பாட்டுக்கு அந்தக் கீச்சுக் குரலைப் போட்டால் நடிகர் முகத்தில் சோகம் நிற்காது, யூனிட்டே சிரித்துவிடும். ஆனால் சில மென்பொருள்கள் டெம்போவை ஏற்றும்போது மெய்யெழுத்துகளை மழுக்கிவிடும். வார்த்தை தெளிவாகக் கேட்கவில்லையா, அந்தப் பாட்டுக்கு மட்டும் சுருதியோடு ஏற்றிவிடுங்கள். தாளம் பிடிபடுவதற்கு ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு க்ளிக் ஒலி சேர்ப்பதும் நல்லது.

ஆடாசிட்டி என்ற ஒலி எடிட் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் கேட்பது எத்தனை சதவீதம் மாற்றம் என்பதை. இரண்டு மடங்குக்கு 100 போட வேண்டும். 200 போட்டால் மூன்று மடங்காகிவிடும். எந்த மென்பொருளானாலும் வேகம் மாற்றிய ஃபைலின் மொத்த நீளத்தைப் பாருங்கள். 4 நிமிடப் பாட்டு 2 நிமிடமாகியிருந்தால் கணக்கு சரி.

மதுரை, கல்யாண வீடியோ: ஸ்லோமோஷன் மோடில் கேமராவில் சவுண்டே பதிவாகவில்லை சார். எடிட்டில் எதை வைத்து சிங்க் பண்ணுவது?

பல கேமராக்கள் அப்படித்தான். சோனியின் எஸ் அண்ட் க்யூ (ஸ்லோ அண்ட் க்விக்) மோடிலும் ஒலி பதிவாகாது. அதனால் பாட்டின் எந்த இடம் ஓடுகிறது என்பது படத்திலேயே தெரிய வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி டேப்லெட். முதலில் ஒரிஜினல் பாட்டை டைம்லைனில் வைத்து, அதன் மேல் நிமிடம், நொடி, ஃபிரேம் ஓடும் எண்களைப் பெரிதாகப் போட்டு ஒரு வீடியோ செய்யுங்கள். அதைப் பாட்டோடு சேர்த்தே இரண்டு மடங்கு வேகமாக்கி டேப்லெட்டில் ஏற்றுங்கள். ஸ்பீக்கருக்குப் பாட்டு அந்த டேப்லெட்டிலிருந்தே போக வேண்டும். ஷாட் தொடங்கும்போது உதவியாளர் திரையைக் கேமரா முன் ஒரு நொடி காட்டிவிட்டு விலகட்டும். எடிட்டில் க்ளிப்பை 24 ஃபிரேமாக மாற்றிக்கொண்டு, திரையில் 01:12:08 என்று தெரியும் ஃபிரேமைப் பாட்டின் 01:12:08இல் வைத்தால் போதும். ஓரிரு ஃபிரேம் முன்பின் இருக்கும், கையால் நகர்த்திக்கொள்ளலாம்.

இன்னொன்று, லீட், அதாவது பாட்டுக்கு முன் வரும் எண்ணிக்கை. பல்லவிக்கு முன் நான்கு தட்டும் ஒரு பீப்பும் வேண்டும். அவற்றை ஒரிஜினல் ஃபைலிலேயே சேர்த்துவிட்டு அப்புறம் வேகமாக்குங்கள். சாதாரண வேகத்தில் எண்ணிவிட்டு இரட்டை வேகத்தில் பாட்டைத் தொடங்கினால் எந்த நடிகராலும் முதல் வார்த்தையைப் பிடிக்க முடியாது.

கோவை: எங்களுடையது வேகமான குத்துப் பாட்டு. இரண்டு மடங்கில் வரி வாயிலேயே நுழையவில்லை.

நுழையாது. நிமிடத்துக்கு 70 தட்டு உள்ள மெலடி 140 ஆனால் பழகிவிடலாம். 130 தட்டு 260 ஆனால் உதட்டால் ஈடுகொடுக்க முடியாது. அந்த மாதிரிப் பாட்டுக்கு 30 அல்லது 36 ஃபிரேம் போதும், துணியும் தலைமுடியும் அதிலேயே அழகாக மிதக்கும். 96, 120 எல்லாம் வேண்டுமென்றால் வாயசைப்பே இல்லாத இடங்களில், இடையிசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேலம், சினிமா ஆர்வலர்: கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்?

அப்போது இந்த வேலைக்குப் பேர்போனது நாக்ரா டேப் ரெக்கார்டர். ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951இல் சுவிட்சர்லாந்தில் முதல் நாக்ராவைச் செய்தார். பின்னால் வந்த நாக்ராக்களில் டேப் ஓடும் வேகம் மூன்று: நொடிக்கு 3.75, 7.5, 15 அங்குலம். ஒவ்வொன்றும் முந்தையதற்குச் சரியாக இரண்டு மடங்கு. 7.5இல் பதிவான பாட்டை 15இல் ஓட விட்டால் 48 ஃபிரேமுக்கான பிளேபேக் தயார், குரல் மட்டும் ஒரு ஸ்தாயி ஏறியிருக்கும். 36 ஃபிரேமுக்கு அதன் வேகக் குமிழில் இடம் இல்லை, அதற்குத் தனியாக வேகம் மாற்றிய டேப் வேண்டும். அந்த இயந்திரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதைதான். வெயிலிலும் தூசியிலும் அது வேகம் பிசகாமல் ஓடியதால்தான் அவுட்டோரில் அத்தனை பாட்டு எடுக்க முடிந்தது.

யாழ்ப்பாணம்: கடற்கரையில் ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்து எடுத்தோம். எண்களை வைத்துப் பொருத்தியும் வாய் பிந்துகிறது.

ப்ளூடூத்தின் தாமதம்தான். ஸ்பாட்டில் 0.1 நொடி பிந்தினால் 48 ஃபிரேம் ஷாட்டில் அது திரையில் 0.2 நொடியாகிவிடும், கிட்டத்தட்ட 5 ஃபிரேம். ஸ்பாட்டில் காதுக்குத் தெரியாத பிழை திரையில் பளிச்சென்று தெரிவது இதனால்தான். வயர் போட்ட ஸ்பீக்கரே வேண்டும். அதையும் நடிகருக்குப் பக்கத்தில் வையுங்கள், ஒலி 34 மீட்டர் கடக்கவே 0.1 நொடி எடுத்துக்கொள்ளும். தனி ஆள் என்றால் எடிட்டில் க்ளிப்பை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து பாடும் குழு ஷாட்டில் ஒருவருக்குச் சரிசெய்தால் மற்றவருக்குப் பிசகும்.

பெங்களூரு: கேமராவில் 24 என்பது உண்மையில் 23.976ஆமே, அது இடிக்காதா?

வித்தியாசம் 0.1 சதவீதம். 4 நிமிடப் பாட்டை ஒரே ஷாட்டில் எடுத்தால் கடைசியில் 6 ஃபிரேம் நழுவும். 15 நொடி ஷாட்டுக்குக் கண்டுகொள்ள வேண்டாம். ஃபோன் வீடியோதான் அதைவிடத் தொல்லை. அதில் ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காது, முதலில் நிலையான ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டில் போடுங்கள்.

மறுபடியும் சென்னை மாணவி: சிங்க் சரியா என்று எதைப் பார்த்து முடிவு செய்வது?

நல்ல கேள்வி. 'ஆ', 'ஏ' வரும் இடத்தைப் பார்க்காதீர்கள். வாய் திறந்திருந்தால் 3 ஃபிரேம் தள்ளியிருந்தாலும் சரி போலவே தோன்றும். 'ப', 'ம' வரும் இடத்துக்குப் போங்கள். வரியில் 'அம்மா' என்று இருந்தால், 'ம்' ஒலிக்கும்போது இரண்டு உதடும் ஒட்டியிருக்க வேண்டும். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி உதடு ஒட்டும் முதல் ஃபிரேமைக் கண்டுபிடித்து, ஒலியில் 'ம்' தொடங்கும் இடத்தோடு சேருங்கள். அதே ஷாட்டில் கடைசிப் 'ப'வையோ 'ம'வையோ பாருங்கள். முதலாவது பொருந்திக் கடைசியானது பிசகினால் வேகக் கணக்கில் தப்பு. இரண்டும் ஒரே அளவு பிசகினால் க்ளிப்பை நகர்த்தினால் முடிந்தது.

நடிகர்களிடமும் ஒன்று சொல்லுங்கள், உதட்டை மட்டும் அசைக்காமல் வாய்விட்டுப் பாடட்டும். தொண்டை நரம்பும் மூச்சும் வேலை செய்யாவிட்டால் க்ளோசப்பில் காட்டிக்கொடுத்துவிடும். முகபாவமும் இரட்டை வேகத்தில் மாற வேண்டும். சாதாரணமாக மெல்ல விரியும் புன்னகை 48 ஃபிரேமில் அடுத்த வரி வரை இழுத்துக்கொண்டே போகும்.

தஞ்சாவூர்: முழுப் பாட்டையும் ஒரே ஸ்லோமோஷன் ஷாட்டாக யாராவது எடுத்திருக்கிறார்களா? ரிவர்ஸில்?

இரண்டும் உண்டு. கோல்ட்பிளே என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் 'யெல்லோ', 2000இல் வந்தது. இங்கிலாந்தின் ஸ்டட்லண்ட் கடற்கரையில் 50 ஃபிரேமில் ஒரே ஷாட். குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் இரட்டை வேகப் பாட்டுக்குப் பாடிக்கொண்டே நடந்து வருவார். அதே குழுவின் 'தி சயின்டிஸ்ட்' ரிவர்ஸில் ஓடும், அதற்காக அவர் பாட்டைப் பின்னிருந்து முன்னாகப் பாடக் கற்றுக்கொண்டார். ரிவர்ஸுக்குப் பாட்டு ஃபைலையே திருப்பிப் போட்டு, நடிகரிடம் நாலைந்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். நம் பாட்டுக்கு ஒரு சரணம் முழுக்க வேண்டாம், இரண்டு வரியில் தொடங்குங்கள்.