அந்த 2 சதவீதத்தை இன்வாய்ஸில் என்ன பெயரில் எழுதப் போகிறீர்கள்?

கேள்வி: கோத்தகிரியில் எங்களுக்குச் சிறிய தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. இதுவரை ஏலத்தில்தான் விற்றோம், இப்போது முதன்முறையாக நேரடி ஏற்றுமதி. வாங்கும் நாட்டில் உள்ள ஏஜெண்ட், தன் கமிஷனுக்கு மேல் 2 சதவீதம் தனியாகக் கேட்கிறார், "துறைமுகத்தில் ஆட்களைப் பார்த்துக்கொள்ள" என்று. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுக்காமல் இந்தத் தொழில் செய்யவே முடியாதா?

பதில்: முடியும். குன்னூரில் இருந்து 18 வருடமாகத் தேயிலை அனுப்புகிறேன். ஒரு தடவை, கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு மிகப் பக்கத்தில் போய்த் திரும்பியிருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொச்சி வழியாக ஒரு கண்டெய்னர் சிடிசி டஸ்ட் (தூள் தேயிலை) அனுப்பியிருந்தோம். எந்த நாடு என்பது வேண்டாம். சரக்கு இறங்கிய மூன்றாம் நாள் இரவு பத்தரை மணிக்கு அங்கிருந்த ஏஜெண்ட் போன் செய்தார். சுங்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். 1,800 டாலர் கொடுத்தால் நாளைக்கே வெளியே வந்துவிடுமாம். "நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், என் பில்லில் ஹேண்ட்லிங் என்று சேர்த்துவிடுகிறேன்" என்றார். ஏன் நிறுத்தினார்கள் என்று மூன்று முறை கேட்டும் நேரான பதில் வரவில்லை.

காலையில் கோப்பை எடுத்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தோம். பேக்கிங் லிஸ்ட்டில் ஒரு பைக்கு நிகர எடை 34 கிலோ. குடோனில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், பைமேல் ஸ்டென்சில் அடித்திருந்தது 35. எடை மாறிய பிறகும் எங்கள் ஆட்கள் பழைய ஸ்டென்சிலையே வைத்து அடித்திருக்கிறார்கள். தவறு எங்களுடையதுதான். அந்த ஒரு கிலோதான் அந்த அதிகாரிக்குக் கிடைத்த பிடி.

என் பங்குதாரர் என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொன்னார்: "கொடுத்தா இன்னைக்கே முடிஞ்சிரும்பா. ஆனா அடுத்த கண்டெய்னருக்கு இந்த ரேட்டுல இருந்துதான் ஆரம்பிப்பாங்க."

திருத்திய பேக்கிங் லிஸ்ட், எடைச் சீட்டு, எங்கள் தவறை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் மூன்றையும் வாங்குபவருக்கு அனுப்பி, அவர் மூலமாகவே சுங்கத்தில் கொடுக்கச் சொன்னோம். சட்டப்படி அபராதம் எவ்வளவோ கட்டுகிறோம், ரசீது வேண்டும் என்று எழுதினோம். 16 நாள் ஆனது. அபராதமும் டிமரேஜும் (கண்டெய்னர் துறைமுகத்தில் தங்கியதற்கான கட்டணம்) சேர்ந்து 1,800 டாலரைத் தாண்டியது. பச்சை இலைக்குப் பணம் கொடுக்கவே திணறிக்கொண்டிருந்த வருடம் அது, நன்றாக வலித்தது. அடுத்த கண்டெய்னரையும் ஐந்து நாள் நிறுத்திப் பார்த்தார்கள். இந்த முறை காகிதத்தில் பிடிக்க ஒன்றும் இல்லாததால் விட்டுவிட்டார்கள்.

லஞ்சம் கேட்பது அங்கே துறைமுகத்தில் நடக்கிறது. ஆனால் கேட்பதற்கான வழியை நாம் பெரும்பாலும் இங்கேயே, லாரி மலைப்பாதையில் பர்லியாறு வளைவுகளில் இறங்குவதற்கு முன்பே திறந்துவிடுகிறோம். காகிதத்தில் பிழை, கடைசி நேர அவசரம், என்ன வேலை என்று சொல்லாத ஒரு கமிஷன். இந்த மூன்றில் நீங்கள் இப்போது நிற்பது மூன்றாவதில்.

அந்த 2 சதவீதத்தை உங்கள் கணக்கில் என்ன பெயரில் எழுதுவீர்கள்? லஞ்சம் என்று யாரும் எழுதுவதில்லை. ஈராக்கில் ஐ.நா.வின் 'எண்ணெய்க்கு உணவு' திட்டம் (பொருளாதாரத் தடைக்கு நடுவே எண்ணெய் விற்று உணவு வாங்க அனுமதித்தது) நடந்த காலத்தில், சரக்கு விற்ற நிறுவனங்களிடம் சதாம் அரசு ஒப்பந்தத் தொகையில் சுமார் 10 சதவீதத்தைத் திருப்பி வாங்கியது. அதற்கு வைத்த பெயர் 'விற்பனைக்குப் பிந்தைய சேவைக் கட்டணம்', 'உள்நாட்டுப் போக்குவரத்துக் கட்டணம்'. ஆஸ்திரேலியாவின் கோதுமை ஏற்றுமதி நிறுவனமான ஏ.டபிள்யூ.பி., லாரி வாடகை என்ற பெயரில் ஒரு ஜோர்டான் நிறுவனத்துக்குச் சுமார் 29 கோடி ஆஸ்திரேலிய டாலர் கட்டியது. அந்த நிறுவனம் அந்தக் கோதுமையை ஏற்றிப் போகவே இல்லை. பணம் ஈராக் அரசுக்குப் போனது. இதை விசாரிக்க ஐ.நா. அமைத்த வோல்க்கர் குழுவின் அறிக்கை 2005இல் வெளிவந்தது; அது 2,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இப்படிக் கட்டியதாகச் சொன்னது. ஒவ்வொன்றின் கோப்பிலும் உங்கள் 2 சதவீதத்தைப் போல ஒரு பதிவு இருந்திருக்கும்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் "இந்தியாவில் இதற்குச் சட்டமே இல்லையே" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கும் மசோதா 2011இல் மக்களவையில் வந்து, நிறைவேறாமலே காலாவதியானது உண்மை. 2018இல் திருத்தப்பட்ட நமது ஊழல் தடுப்புச் சட்டம் முக்கியமாக நம் ஊர் அதிகாரிகளைப் பற்றியது. ஆனால் அந்த அதிகாரியின் நாட்டில் அது குற்றம், உங்கள் ஏஜெண்ட் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நம் பக்கத்திலும் 2022 நிதிச் சட்டம் ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது: வெளிநாட்டுச் சட்டப்படி குற்றமான செலவைக்கூட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ பெரிய நிறுவனத்துக்கு விற்க ஆரம்பித்தால் அவர்களுடைய சட்டம் ஒப்பந்தத்தின் வழியாக உங்களிடமும் வரும். அமெரிக்கச் சட்டம் 1977இலிருந்து இருக்கிறது, பிரிட்டன் சட்டம் 2010. வழக்கமான வேலையைச் சீக்கிரம் முடிக்கக் கொடுக்கும் சிறு தொகைக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஒரு குறுகிய விலக்கு உண்டு, பிரிட்டன் சட்டத்தில் அதுவும் இல்லை. 'ஏஜெண்ட் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது' என்பதும் நிற்காது. சந்தேகம் வந்த பிறகு வேண்டுமென்றே கேட்காமல் இருந்தால், தெரிந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இது எங்கேயோ ஆப்பிரிக்காவில் நடக்கிற கதை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் வளாகம் கட்ட அனுமதி வாங்குவதற்காகத் தமிழ்நாட்டு அதிகாரி ஒருவருக்கு 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புதல் தரப்பட்டது என்ற குற்றச்சாட்டில், காக்னிசண்ட் நிறுவனம் 2019இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 2.5 கோடி டாலர் கட்டி, ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் முடித்துக்கொண்டது. அந்த வழக்கில் 'வெளிநாட்டு அதிகாரி' நம் ஊர்க்காரர். அதைப் படித்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

சரி, செய்ய வேண்டியது. முதலில் விலைப்பேச்சிலேயே கவனமாக இருங்கள். எஃப்ஓபி கொச்சி, அதாவது கொச்சியில் கப்பல் ஏற்றுவது வரைதான் உங்கள் பொறுப்பு என்று விற்றால், அந்த நாட்டுச் சுங்க வேலை வாங்குபவர் பொறுப்பு. டிடிபி என்று ஒத்துக்கொண்டால், அவர் வாசல்வரை எல்லாச் சுங்க வேலையும் உங்கள் தலையில். அந்த ஊரில் யாரையும் தெரியாத உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். ஆனால் எஃப்ஓபி போட்டுவிட்டு வாங்குபவர் லஞ்சம் கொடுக்க நீங்கள் விலையில் குறைத்துக் கொடுத்தால், அதுவும் அதே பணம்தான்.

ஏஜெண்டுடன் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். என்ன வேலை, எத்தனை சதவீதம், எந்த நாட்டில் எந்த வங்கிக் கணக்கு என்று இருக்கட்டும். அவர் வேலை செய்யும் நாடு ஒன்று, பணம் கேட்கும் கணக்கு வேறு நாடு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: அரசு அலுவலகத்தில் கட்டும் எந்தத் தொகைக்கும் அரசு ரசீது வந்தால்தான் நாங்கள் திருப்பிக் கொடுப்போம். அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்தவர்கள் இரண்டு பேர். அதோடு அவர்களுடன் பேச்சு முடிந்தது.

காகிதத்துக்கு ஒரு ஆள் வையுங்கள். ஏற்றுவதற்கு முன் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பைட்டோ சர்டிபிகேட் (சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்ற அரசுச் சான்று), பைமேல் அடித்த ஸ்டென்சில் நான்கையும் பக்கத்தில் வைத்து, லாட் நம்பரும் எடையும் பார்க்க அரை நாள் போதும். எங்கள் குடோனில் ஒரு அக்கா இதைச் செய்கிறார். விரலை எண்மேல் வைத்துச் சத்தமாகப் படிப்பார், இன்னொருவர் பையைப் பார்த்துப் பதில் சொல்வார். சரக்கு எப்போது தேவை என்று வாங்குபவர் சொல்கிறாரோ, அதற்கு இரண்டு வாரம் முன்னால் சேரும்படி கப்பலை அவருடன் பேசி முடிவு செய்யுங்கள். கையில் நாள் இருந்தால் "நாளைக்கே வெளியே வரும்" என்ற பேச்சு உங்களை அசைக்காது.

அப்புறம் விருந்தாளிகள். இறக்குமதி நாட்டின் அரசு நிறுவனம் ஒன்றிலிருந்து எங்கள் தொழிற்சாலையைப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். அரசு வாங்கும் நிறுவனத்தின் ஊழியரும் பல சட்டங்களில் அரசு அதிகாரிதான். இலை வாட்டும் தொட்டியிலிருந்து தூள் சலிக்கும் இடம் வரை காட்டினோம், மதியச் சாப்பாடு போட்டோம், கால் கிலோ ஆர்த்தடாக்ஸ் தேயிலை கொடுத்தோம். எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. மறுநாள் குடும்பத்தோடு ஊட்டியில் மூன்று நாள் அறை போட்டுத் தரச் சொல்லி ஆள் விட்டார். மலை ரயில் எப்போது கிளம்பும் என்ற விவரம் மட்டும் கொடுத்தோம். ஆர்டர் தாமதமானது, ஆனால் வந்தது. வராமல் போயிருந்தாலும் அறை போட்டிருக்க மாட்டோம்.

ஒன்றே ஒன்றுக்கு விலக்கு: யாராவது உங்கள் ஆளின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து காட்டிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அன்றே நடந்ததை எழுதி, தேதி போட்டு, வக்கீலிடம் கொடுங்கள்.

இப்போது உங்கள் ஏஜெண்டுக்குப் போனில் பதில் சொல்லாமல் மின்னஞ்சல் அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்: "உங்கள் கமிஷன் ஒப்பந்தப்படி முழுவதும் கொடுப்போம். கூடுதல் 2 சதவீதம் எந்த அலுவலகத்தில், எந்தக் கட்டணமாகக் கட்ட வேண்டும் என்று தெரிவியுங்கள். ரசீதின் பேரில் வாங்குபவரே கட்ட ஏற்பாடு செய்கிறோம்." பதில் வந்தால் அதைக் கோப்பில் வையுங்கள். வராவிட்டால் வேறு ஏஜெண்ட் தேடுங்கள்.