அடைப்பே இல்லாத இடத்தில் மாத்திரை எதை விரிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 48. விடியற்காலை நான்கு மணி வாக்கில் நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது போன்ற வலி வந்து தூக்கத்தைக் கலைக்கிறது. வலியின்போது எடுத்த இசிஜியில் மாற்றம் தெரிந்தது. வலி நின்றதும் அது மறைந்துவிட்டது. ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை. ஆனாலும் சார்பிட்ரேட்டை நாக்கின் அடியில் வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் வலி விட்டுவிடுகிறது. டில்டியாசெம் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். நீங்கள் சொல்வது, 1959-இல் அமெரிக்க மருத்துவர் பிரின்ஸ்மெட்டல் விவரித்த, இதயத் தமனி திடீரென இறுகுவதால் வரும் நெஞ்சுவலியோடு பொருந்துகிறது. பகலில் ஆஞ்சியோகிராம் எடுக்கும்போது தமனி தளர்ந்திருந்தால், விடியற்காலை இறுக்கத்தின் தடயமே அதில் தெரியாது.

ஆரோக்கியமான தமனியின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்வாக வைத்திருக்கும். இறுகும் இயல்புள்ள தமனியில் அந்தச் சுரப்பு குறைந்திருப்பதோடு, சுவரின் தசையும் சிறு தூண்டுதலுக்கே சுருங்கிவிடுகிறது. சந்தேகம் தீர அசிட்டைல்கோலின் மருந்தைத் தமனிக்குள் செலுத்திச் சோதிப்பதுண்டு: நல்ல தமனியை விரிக்கும் அதே மருந்து, இந்தத் தமனியை நூல்போல இறுக்கிவிடும், உடனே நைட்ரோகிளிசரின் (உங்கள் சார்பிட்ரேட்டைப் போன்ற நைட்ரேட் வகை மருந்து) செலுத்தினால், இறுகிய அதே இடம் திரையில் நம் கண்முன்னே விரிவதைக் காணலாம். உட்சுவர் தராத நைட்ரிக் ஆக்சைடை நைட்ரேட் வெளியிலிருந்து தருவதால், அது கிடைக்காமலிருந்த தசை மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகவே விரிகிறது. உங்கள் நிவாரணம் மனப்பிரமை அல்ல. (உணவுக்குழாய் இறுக்கமும் நைட்ரேட்டுக்குத் தணியும் என்பதால், மாத்திரைக்கு வலி தணிந்ததைவிட உங்கள் இசிஜியையே நான் பெரிய சான்றாகக் கொள்கிறேன்.)

ஆனால் சார்பிட்ரேட், ஏற்கெனவே வந்துவிட்ட இறுக்கத்தைத்தான் தளர்த்தும். தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து, இறுக்கம் வராமலே காப்பது டில்டியாசெம். அதைத் திடீரென நிறுத்தினால் இறுக்கம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். இரவு வேளை மாத்திரை விடியற்காலை வரை வேலை செய்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீண்டநேர நைட்ரேட்டும் சேர்த்தால், உடல் அதற்குப் பழகிவிடாதிருக்கத் தினமும் சில மணி நேரம் இடைவெளி வேண்டும். வழக்கமாக இரவில் விடும் அந்த இடைவெளியை உங்களைப் போன்றவர்களுக்குப் பகலுக்கு மாற்றுவதே பொருத்தம்.

புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். இந்நோயைத் தூண்டுவதில் அது முக்கியமானது. ஒற்றைத் தலைவலிக்கோ கைநடுக்கத்துக்கோ புரோப்பிரனோலால் எழுதப்பட்டால் இந்த வலியைச் சொல்லுங்கள். அது இறுக்கத்தைக் கூட்டலாம். சில்டெனாஃபில் (வயாகரா) எடுத்திருந்தால் சார்பிட்ரேட்டைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் சட்டென இறங்கும் என்பதால் மாத்திரையை உட்கார்ந்தபடியே வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டாலோ மயக்கம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.